அந்தப் பால்கண்ணாடி ஷேட்டைக் கழற்றி எறியாதீர்கள்

வெள்ளவத்தையில் அம்மம்மாவின் வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். போன வாரம் வயரிங் பாஸ் ஏணியில் நின்றபடி, "மிஸ், இந்தப் பழைய கண்ணாடியை எறிஞ்சிட்டு பேனல் லைட் போட்டுருவமா?" என்று கேட்டார். ஹோலின் நடுவில் சங்கிலியில் தொங்கும், விளக்குக் குமிழை மூடும் வெள்ளைக் கண்ணாடி ஷேட் அது, விளிம்பு பாவாடைக் கொசுவம் போல மடிந்திருக்கும். கை வைக்க வேண்டாம் என்று கத்தியே விட்டேன்.

கொழும்பில் பழைய வீடுகள் இடிபடும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான். எனக்கு இது தாங்கவில்லை.

ஷேட் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறோம். ஆனால் கண் கூசாமல் இருக்கத்தான் அது தேவைப்பட்டது. சாதாரண எண்ணெய்ச் சுடர் மங்கல். அதை மறைக்கத் தேவையே இல்லை. 1780 வாக்கில் ஆர்கண்ட் என்ற சுவிஸ்காரர் குழாய் வடிவத் திரிக்குக் கீழிருந்து காற்றுப் போக வழி செய்து, மேலே கண்ணாடிச் சிமினியும் வைத்தார். வெளிச்சம் பல மடங்கு கூடியது, கண்ணும் கூசியது. அப்புறம் மண்ணெண்ணெய் லாம்பு, மின்குமிழ். ஒவ்வொன்றோடும் ஷேட்டின் தேவையும் வளர்ந்தது. பால்கண்ணாடிக்குள் இருக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறவிடுகின்றன. குமிழ் தெரியாது, கண்ணாடி முழுவதும் நிலவு போல ஒளிரும். பேனல் லைட்டின் கீழே சோறு கூட வெளிறித்தான் தெரிகிறது.

அழகு என்றால் அமெரிக்காவின் டிஃபனி ஸ்டூடியோஸ் நிறுவனம் செய்த விளக்குகள். வண்ணக் கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய செம்புத் தகடு சுற்றி, ஈயப் பற்றால் ஒட்டுவார்கள். விஸ்டீரியா என்ற கொடியின் பூங்கொத்து போன்ற ஷேட் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 2000 துண்டுகள். இதழின் நடுவுக்கும் நுனிக்கும் எந்தத் துண்டின் நிறம் பொருந்தும் என்று ஒருவர் கண்ணால் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். அவர்களின் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கிளாரா டிரிஸ்கால். விஸ்டீரியாவும் தும்பி விளக்கும் அவருடைய வடிவமைப்பு என்பது, வீட்டாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஆய்வாளர்களின் கண்ணில் பட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. அதை வைத்து 2007இல் நியூயோர்க்கில் கண்காட்சியே நடந்தது. நூறு வருடம் பெயர் முழுவதும் முதலாளி டிஃபனிக்கு! திருமணம் செய்தால் வேலையை விட வேண்டும் என்பது வேறு அங்கே விதி. இதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கண்ணாடி ஷேட்டைப் பார்த்தாலும் அதை வெட்டிய கைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

அந்த விளக்குகளும் ஒரு காலத்தில் பழைய ஸ்டைல் என்று ஒதுக்கப்பட்டவைதான். 1932இல் டிஃபனி ஸ்டூடியோஸ் திவாலானது. இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

எங்கள் ஷேட் அவ்வளவு பெறுமதியானதல்ல, சாதாரண அச்சுக் கண்ணாடி. பரவாயில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினேன், பல வருடத் தூசி கறுப்பாக ஓடியது. 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் எல்ஈடி குமிழ் ஒன்று வாங்கிப் போட்டோம். உங்கள் வீட்டிலும் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: ஷேட்டின் கழுத்தைப் பிடிக்கும் மூன்று திருகாணிகளையும் இறுக்கி முறுக்க வேண்டாம், மெல்லத் தொட்டு நின்றால் போதும். சூட்டில் கண்ணாடி விரிய இடமில்லாவிட்டால் கழுத்தில் கீறல் விடும்.

நேற்று இரவு பாஸும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். குசினிக்கும் இப்படி ஒன்று தேடித் தரவா என்று அவரே கேட்டார்.