'பழம்' யாருக்குச் சொந்தம்?

போன வாரம் ஒரு தம்பி உள்பெட்டியில் வந்து சண்டை பிடித்தார். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு சனிக்கிழமை ரோல்பிளே கேம் ஆடுகிறேன். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டும் ஆட்டம். அதற்கு நான் எழுதிய விதிகளில் 'உயிர்ப்புள்ளி' (பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும்), 'காப்பு எண்' (அதை அடிப்பது எவ்வளவு கடினம்) என்று இருக்கிறதாம். இரண்டும் அவர் உருவாக்கிய சொற்களாம். எடுத்துவிட வேண்டுமாம்.

கோபம் புரிகிறது. தமிழில் இதற்கு விதி எழுதுகிறவர்களே கொஞ்சப் பேர். ஆனால் அவற்றின் ஆங்கில மூலமான 'ஹிட் பாயிண்ட்', 'ஆர்மர் கிளாஸ்' இரண்டையும் 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே கேம்தான் பரப்பியது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசனே அவற்றைக் கடற்போர் ஆட்டங்களிலிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். எடுத்ததைத் தமிழாக்கிய நாம் எதற்கு வேலி போடுகிறோம்?

அப்பத்தா பட்டாலையில் தாயம் ஆடும்போது தேவகோட்டையிலிருந்து வரும் ஆச்சியோடு தகராறு வராத நாளில்லை. எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் நம் காயை நடுக்கட்டத்தில் சேர்த்துப் பழம் எடுக்கலாமா, கூடாதா? ஊருக்கொரு விதி. ஆனால் 'வெட்டு' என்றால் என்ன, 'பழம்' என்றால் என்ன என்று இருவரும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. சொல் பொதுவாக இருந்ததால்தான் விதியைப் பற்றி மனசாரச் சண்டை போட முடிந்தது. ஆர்மர் கிளாஸும் அப்படித்தான். முதலில் எண் குறைந்தால் நல்லது, 2000இல் வந்த பதிப்பில் கூடினால் நல்லது. விதி தலைகீழானது, பெயர் அதேதான்.

சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் பேக்கர் எதிர் செல்டன் என்று 1879ஆம் ஆண்டு வழக்கு ஒன்று உண்டு. செல்டன் கணக்கெழுதும் முறை ஒன்றைப் புத்தகமாகப் போட்டார். பேக்கர் கிட்டத்தட்ட அதே முறையில் பேரேடு போட்டார். புத்தகத்துக்குப் பதிப்புரிமை உண்டு, முறைக்குக் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். இதை எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். பர்மா, மலாயா வரைக்கும் போய் ஐந்தொகை போட்ட செட்டியார்கள் அதற்காக யாருக்கு வாடகை கொடுத்தார்கள்?

2023 ஜனவரியில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி, அதன் விதிகளை மற்றவர்களும் எடுத்தாள 2000 முதல் இருந்த திறந்த உரிமத்தை இறுக்கப் பார்த்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அடிப்படை விதிகளை, பெயர் சொல்லி யாரும் எடுத்தாளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள்.

அதற்காக எல்லாமே பொது என்று சொல்லமாட்டேன். டோல்கியன் கதையில் வரும் குள்ள மனிதர்களின் 'ஹாபிட்' என்ற பெயரை உரிமைதாரர்கள் ஆட்சேபித்ததும் அந்த ஆட்டத்தில் 'ஹாஃப்லிங்' என்று மாற்றினார்களே, அது நியாயம். அது ஒருவர் கற்பனையில் பிறந்த ஆள். உயிர்ப்புள்ளி வெறும் அளவுபடி.

தம்பியின் விதிகளை மறுபடி எடுத்துப் படித்தேன். மயங்கி விழுந்தவனை எழுப்புவது பற்றி அவர் எழுதிய இரண்டு வரி என்னுடையதில் அப்படியே இருந்தது. என் தப்பு, எடுத்துவிட்டேன். உயிர்ப்புள்ளி இருக்கிறது. சனிக்கிழமை ஆட வாருங்கள் என்று எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.