மகசூல் கோடு படுத்துக்கிடந்தால் விவசாயியும் படுத்துக்கிடக்கிறான் என்று அர்த்தமா?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தஞ்சாவூர்க் கருத்தரங்கு ஒன்றில் காவிரி டெல்டா விவசாயிகளைக் குறை சொல்லி ஒருவர் காட்டிய ஸ்லைடின் போட்டோவில் என்னை டேக் செய்து "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று இத்தனை பேர் கேட்ட பிறகு, அதற்குக் கீழே சிரிப்பு எமோஜி போட்டவர்களில் பாதிப் பேர் நம்ம மன்னார்குடி, நீடாமங்கலம் ஆட்கள் என்று பார்த்த பிறகு, சும்மா இருக்க முடியவில்லை.

அந்தக் கருத்தரங்கில் நடந்தது இதுதான். பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. என் பதிவால் அவருக்கு இன்னும் நாலு மேடை கிடைக்க வேண்டாம். ஏக்கர் மகசூலை ஒரு கோடாகப் போட்டார். கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. கீழே சிவப்பு எழுத்தில் "டெல்டா: உற்பத்தித்திறன் தேக்கம், புதுமை இல்லை". அதோடு விட்டாரா? "தண்ணி வந்தா போதும், வேற எதையும் மாத்திக்க மாட்டாங்க" என்று வாயாலும் சொன்னார். அரங்கமே சிரித்ததாம்.

சரி. நானும் பொருளாதாரம்தான் சொல்லிக்கொடுக்கிறேன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. விளைந்ததை, அதற்காகப் போட்டதால் வகுத்தால் கிடைப்பது உற்பத்தித்திறன். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். அய்யா காட்டிய கோட்டில் கீழே இருந்தது நிலம் மட்டும். ஏக்கருக்கு எவ்வளவு நெல் என்பது நிலத்தின் கணக்கு. அந்த நெல்லுக்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எவ்வளவு தண்ணீர், எத்தனை கிலோ விதை போனது? அதையெல்லாம் விட்டுவிட்டு, மேலே இருக்கிற எண் ஏறவில்லை என்று ஒப்பாரி வைத்தால் எப்படி?

சின்னக் கணக்குதான். ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 12 மூட்டை விளைந்தது என்று வையுங்கள். பத்து வருஷம் கழித்தும் அதே 12 மூட்டை, ஆனால் உழைத்த நேரம் பாதி. உழைப்பின் உற்பத்தித்திறன் இரண்டு மடங்காகிவிட்டது. அய்யாவின் கோட்டில்? படுத்தே கிடக்கும்.

நம்ம பக்கம் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அறுவடையை எடுத்துக்கொள்ளுங்கள். என் சின்ன வயதில் கை அறுவடை. அரியை வயலிலேயே காயப் போட்டு, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து அடித்து, வைக்கோலை மாடு கட்டிப் போரடித்து, காற்று வரும் வரை காத்திருந்து தூற்ற வேண்டும். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் களத்திலேயே நெல் முளைத்துவிடும். இப்போது பெல்ட் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மெஷின், ஈரக்காலிலும் இறங்குகிறது. ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் போல. அறுத்து, அடித்து, டிப்பரில் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. கடைமடைப் பக்கம் சம்பாவில் நாற்றங்கால், நாற்றுப்பறி, நடவு எல்லாவற்றையும் விட்டு நேரடி விதைப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர்! ஒற்றை நாற்று நடவில், 20 கிலோவுக்கு மேல் போட்ட விதை ஏக்கருக்கு 3 கிலோவில் வந்து நின்றது. இதெல்லாம் மாற்றம் இல்லையா? மகசூல் கோட்டில் தெரியவில்லை என்றால் நடக்கவே இல்லையா?

1965-ல் ஆடுதுறை 27 வந்தபோது கோடு விறுவிறுவென்று ஏறியது. குறுகிய நாள் ரகம், உரம் போட்டால் வாங்கிக்கொள்ளும் ரகம். அந்தப் புதுமை நெல்லாகவே களத்தில் வந்து விழுந்ததால் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பிறகு வந்த மாற்றங்களில் பல நேரத்தையும் ஆளையும் விதையையும் மிச்சம் பண்ணுகிறவை. மிச்சமானதை யாரும் எடைத்தராசில் வைப்பதில்லை.

இன்னொன்று. தண்ணீர் என்று எதுவுமே மாறாதது போல அந்தக் கோடு நீளுகிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்க வேண்டிய அணை. 2018-ல் ஜூலை 19. 2019-ல் ஆகஸ்ட் 13. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28. எப்போது வரும் என்றே தெரியாத தண்ணீரை வைத்து ரகத்தை மாற்றி, விதைப்பை மாற்றி, குறுகிய நாள் பயிரான குறுவையை விட்டுவிட்டு அடுத்த பருவமான சம்பாவுக்குத் தாவி, அந்தக் கோட்டை விழாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறானே விவசாயி, அதற்கு என்ன பெயர்? வாட்ஸ்அப்பில் ஸ்லைடைப் பார்த்த என் சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: "கோடு கீழ போகலல்ல ஆயி? அப்பறம் என்னவாம் அவருக்கு?"

"அதற்குத்தான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பாருங்கள்" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் பாடம் எடுக்கிறார். தெரியும் தம்பி. நிலம், ஆள், மூலதனம் எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே போட்டு வகுக்கிற கணக்கு. 1957-ல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையான கணக்கை எடுத்து, ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்த உற்பத்தி வளர்ச்சியில் எட்டில் ஏழு பங்கு மூலதனப் பெருக்கத்தால் வந்தது இல்லை, தொழில்நுட்ப மாற்றத்தால் வந்தது என்றார். அதை நேராக அளந்தாரா? இல்லை. தெரிந்ததையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சியதற்கு வைத்த பெயர் அது. முந்தைய வருஷமே இன்னொரு பொருளாதார அறிஞர் மோசஸ் அப்ரமோவிட்ஸ் அப்படிப்பட்ட மிச்சத்தை நம் அறியாமையின் அளவு என்று சொல்லிவிட்டார். நம்ம ரிசர்வ் வங்கியும் துறைவாரியாக இந்தக் கணக்கை வெளியிடுகிறது. நல்ல வேலைதான். ஆனால் அது இந்தியா முழுமைக்குமானது. டெல்டாவுக்கு அதில் தனி வரி ஏது?

அப்படியே டெல்டாவுக்குப் போட்டாலும் என்ன ஆகும்? நிலம் அதே, ஆள் அதே, டிராக்டர் அதே. அணை லேட். விளைச்சல் குறையும். தண்ணீரைத் தனியாகக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தக் குறைவு முழுவதும் மிச்சத்தில் போய் விழும். அதாவது, கணக்குப்படி 2024-ல் நாங்கள் எல்லோரும் தொழில்நுட்பத்தை மறந்துவிட்டோம். அணை நேரத்துக்குத் திறந்த 2025-ல் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது!

"பஞ்சாபைப் பார்" என்று வருவார்கள். வரட்டும். பஞ்சாபில் மகசூல் அதிகம், இல்லை என்று நான் சொல்லவில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் நடவே கூடாது என்று 2009-ல் சட்டம் போடுகிற நிலைமை வந்ததே, அந்தத் தண்ணீரை அவர்கள் மகசூலில் யார் கழித்தது? நம்மிடமும் இலவச மின்சாரப் போர்வெல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதையும் கழியுங்கள். நான் கேட்பதே அதைத்தான்.

"நாட்டில் வேலை செய்வோரில் 46 சதவீதம் விவசாயத்தில், வருமானத்தில் பங்கு ஏறக்குறைய 18 சதவீதம். இது உற்பத்தித்திறன் குறைவு இல்லாமல் வேறென்ன?" இது கொஞ்சம் கனமான கேள்விதான். அந்த 46, 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்லும் எண், மறுக்கவில்லை. ஆனால் அது தலையை எண்ணுகிறது, மணியை எண்ணவில்லை. வருஷத்தில் 30 நாள் வயலில் இறங்கிய குடும்பப் பெண்ணும் துணை வேலைக் கணக்கில் விவசாயத் தொழிலாளிதான். வேறு வேலை கிடைக்காமல் வயலோரம் நிற்கிறவரும் அந்தத் தலைக்கணக்கில்தான் வருவார். 2018-19-ல் 42.5 ஆக இருந்தது கொரோனாவுக்குப் பிறகு ஏறியது, வயலில் திடீரென்று தேன் வடிந்ததாலா? திருப்பூரில் வேலை போனது. பையன்கள் ஊர் திரும்பினார்கள். ஆலை மூடியதற்கு வயலின் சராசரி குறைகிறது. பழி மட்டும் வயலுக்கு.

"மெஷின் வந்து நடவுப் பெண்களின் கூலி போச்சே, அதுவும் உங்கள் புதுமைதானே?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அது வேறு சண்டை. இன்றைக்கு அதை எடுத்தால் ஸ்லைடு போட்டவர் நழுவிவிடுவார்.

இப்போது அந்தப் "புதுமை இல்லை"க்கு வருகிறேன். எதை எண்ணினார்? காப்புரிமையை. நம் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? விவசாய முறையோ தோட்டக்கலை முறையோ கண்டுபிடிப்பே ஆகாது, காப்புரிமை கிடையாது. நல்ல சட்டம், நடவு முறைக்கெல்லாம் எவனாவது ராயல்டி கேட்கக் கூடாது என்று நானும் சொல்வேன். ஆனால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே யாருமே வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினால்?

சித்தப்பாவின் கோனோவீடர் கதையைச் சொல்கிறேன். ஒற்றை நாற்று நடவோடு சேர்ந்து வந்த களைக்கருவி அது. முன்னால் மிதவை, பின்னால் பல் வைத்த இரண்டு கூம்பு உருளை. தள்ளிக்கொண்டே போனால் களையைச் சேற்றில் அமுக்கிவிடும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். எங்கள் வயல் களிமண். நாலு எட்டு தள்ளுவதற்குள் பல்லுக்கு நடுவில் களி அப்பிக்கொண்டு உருளை சுற்றாது, மிதவை மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். மற்றவர்கள் மாட்டுக்கொட்டகையில் சாத்திவிட்டார்கள். சித்தப்பா வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒன்று விட்டு ஒரு பல்லை அறுத்து எடுத்து, மிதவையின் முனையை மேல்பக்கம் வளைத்து, கைப்பிடியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். சுற்றியது. கொல்லைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் அதே பட்டறைக்குப் போனார்கள். பட்டறைக்காரர் கேட்காமலேயே பல்லை அறுத்துக் கொடுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டது.

இது புதுமை இல்லை என்றால் எது புதுமை? நான் சொல்லவில்லை, உலகம் முழுக்கப் புதுமையை அளக்கப் பயன்படுத்தும் ஆஸ்லோ கையேடே, தான் முன்பு செய்ததிலிருந்து கணிசமாக மாறிய ஒரு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் அது புதுமை என்கிறது. உலகத்திலேயே முதல் ஆளாக இருக்க வேண்டியதில்லை. உலகப் புதுமைக் குறியீட்டில் இந்தியா 2015-ல் 81-ஆம் இடத்தில் இருந்து 2024-ல் 39-க்கு வந்தது என்று மேடையில் கைதட்டல் வாங்கினாரே, அந்தக் குறியீட்டில் ஆராய்ச்சிச் செலவு உண்டு, காப்புரிமை உண்டு, ஆய்வுக் கட்டுரை உண்டு. வெல்டிங் பட்டறைக்குக் கட்டம் கிடையாது.

"அப்போ அளக்கவே கூடாது என்கிறாயா?" ஐயோ, அளங்கள். நன்றாக அளங்கள். எங்களை அளக்காத ஆள் ஏது? பயிர் காப்பீட்டுக்கு வந்து அளந்தார்களே. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து எடை போட்டு, அப்படி நாலைந்து இடத்துச் சராசரியை வைத்து ஊருக்கே மகசூல் முடிவாகிறது. அந்த வருஷம் எங்கள் வயலில் பின்பாதி முழுக்க வடிகாலில் தண்ணீர் எதிர்த்து நின்று அழுகிப்போச்சு. கயிறு விழுந்தது வாய்க்கால் ஓர மேட்டுப் பக்கம். சித்தி பின்பாதியைக் காட்டி, "சார், இங்கயும் ஒருதரம் பாத்துடுங்க" என்றார். குலுக்கலில் வந்த இடத்தை மாற்ற முடியாதாம். விதி அதுதான், எனக்கும் தெரியும். ஊருக்குப் பணம் வரவில்லை. எந்த ஆபீஸ், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பாதி வயல் அழுகியவன் அந்த வருஷ அட்டவணையில் நல்ல மகசூல்காரன்.

அளப்பதில் ஆர்வம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் அரைப் புள்ளி ஏறினாலும் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. எங்கள் கையிலிருந்து கழிப்பதற்கு எல்லா இடத்திலும் துல்லியமான கருவி உண்டு. சித்தி ராத்திரி முழுக்கத் தார்ப்பாயில் நெல்லைக் கிளறி ஈரத்தை இறக்கிய நேரத்தை எழுத மட்டும் எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அவர் அந்த 46 சதவீதத்தில் ஒரு தலை. அவ்வளவுதான். அவரைப் பார்த்துத்தான் "மாத்திக்க மாட்டாங்க" என்கிறார்கள். சிரிக்கிறார்கள். அந்த அரங்கில் இருந்தவர்கள் மத்தியானம் சாப்பிட்டது என்ன, புதுமையையா?

அடுத்த கருத்தரங்குக்கு முன்னால் அய்யா ஒரு பருவம் எங்கள் ஊருக்கு வரட்டும். ஸ்டாப்வாட்ச் கொண்டுவரட்டும், வாய்க்காலில் தண்ணீர் அளக்கும் கருவி கொண்டுவரட்டும், ஆள் நேரத்தையும் விதையையும் தண்ணீரையும் கீழே போட்டு வகுத்து ஒரு கோடு வரையட்டும். அதுவும் படுத்தே கிடந்தால் நானே ஷேர் செய்கிறேன். சாப்பாடு எங்கள் வீட்டில். அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை (கொஞ்சம் இருக்கிறது).

குறுவை அறுப்பு நடக்கிறது, பெல்ட் வண்டி எந்த நேரமும் வரலாம், கமெண்டுக்குப் பதில் தாமதமாகும். "பஞ்சாப்" என்று போட வருகிறவர்கள் மேலே போய் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வந்து போடவும்.