72-ஐ 300 ஆக்கினால் மட்டும் போதாது
படங்களை அச்சடிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், ரெசல்யூஷன் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல், அதாவது படப்புள்ளி, என்ற எண்) பற்றி, '72-ஐ 300 என்று மாற்றினால் அச்சு தெளிவாக வரும்' என்று இருக்கிறது. அப்படி இல்லைங்க. காரைக்குடியில் எங்கள் வீட்டுப் படைப்புக்காக (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) அப்பத்தா படத்தைப் பெரிதாக்கியபோது நானும் அதைத்தான் செய்தேன். கையில் இருந்தது 600 பிக்சல் அகலப் படம். போட்டோஷாப்பில் ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக்கை எடுத்துவிட்டு 300 போட்டால் அச்சு அகலம் 2 அங்குலமாகச் சுருங்கும், அவ்வளவுதான். பிக்சல் ஒன்றுகூட மாறாது. டிக் இருந்தால் 600-ஐ 2500 ஆக்கும், ஆனால் இல்லாத பிக்சலை அதுவே ஊகித்து நிரப்பும். அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலைக் கட்டமெல்லாம் குழைந்து போய்விட்டது. அப்புறம் பெட்டகத்தில் இருந்த பழைய படத்தையே தேடி எடுத்து, அதன் 3 அங்குல அகலத்தை அங்குலத்துக்கு 1200 பிக்சலில் ஸ்கேன் செய்தோம். 3600 பிக்சல்! 12 அங்குலத்தில் அச்சடித்தும் மூக்குத்திக் கல் தனியாகத் தெரிகிறது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.