பையன் கையில் பொம்மை இருந்தால் யாருக்குக் கூச்சம்?

பெண் குழந்தை கார் ஓட்டி விளையாடினால் வீட்டில் எல்லோருக்கும் பெருமையாக இருக்கிறது. அதே வீட்டில் மூன்று வயதுப் பையன் ஒரு பொம்மையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டித் தூங்கவைத்தால், யாராவது ஒருவர் சிரித்து, "என்னடா, பொம்பளப் புள்ள மாதிரி?" என்று கேட்டுவிட்டு அவன் கையில் ஒரு பந்தைத் திணிக்கிறார்.

விளையாட்டுப் பொருள்களில் உள்ள பாலினப் பாகுபாட்டைப் பற்றிய பேச்சு, பெண் குழந்தைகளுக்கு எது மறுக்கப்படுகிறது என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அது நியாயமான கேள்விதான். 1992-இல் பேசும் பார்பி ஒன்று கணக்குப் பாடம் கடினம் என்று சொல்லப்போய், எதிர்ப்பு கிளம்பியதும் மேட்டல் நிறுவனம் அந்த வாக்கியத்தை நீக்க நேர்ந்தது. ஆனால் பையன்களைச் சுற்றியுள்ள வேலி அதைவிட இறுக்கமானது என்பது என் கருத்து. விளையாட்டுப் பொருள் தயாரிக்கும் லெகோ நிறுவனத்துக்காக, ஊடகங்களில் பாலினச் சித்திரிப்பை ஆராயும் ஜீனா டேவிஸ் இன்ஸ்டிடியூட் ஏழு நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்ப்பாலினருக்கு உரியதாகக் கருதப்படும் பொருளை வைத்து விளையாடினால் கேலிக்கு ஆளாவோம் என்று அஞ்சிய சிறுமிகள் 42 சதவீதம். சிறுவர்கள் 71 சதவீதம்.

"நாங்கள் எதையும் திணிக்கவில்லை, அவனாகவே காரைத்தான் எடுக்கிறான்" என்று பெற்றோர் சொல்வதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். இயல்பான நாட்டம் ஓரளவு இருக்கலாம். ஆனால் 1978-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், தமக்கு முன்பின் தெரியாத ஆறு மாதக் குழந்தையோடு விளையாடச் சொல்லப்பட்ட தாய்மார்கள், அது பையன் உடையில் இருந்தால் சுத்தியலையும் பெண் உடையில் இருந்தால் பொம்மையையும் முதலில் நீட்டும் போக்கைக் காட்டினார்கள். உட்காரவே பழகும் பருவத்தில் அந்தக் குழந்தை எதைக் கேட்டிருக்கும்? பெற்றோரின் தேர்வுரிமையை நானும் மதிக்கிறேன். உடையைப் பார்த்த மாத்திரத்தில் கை தானாக நீள்வதைத் தேர்வு என்று சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது.

சட்டத்தால் இது மாறும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. கலிஃபோர்னியாவில் 500 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் பெரிய கடைகள் பாலினம் சாராத விளையாட்டுப் பொருள் பகுதி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2024 முதல் நடைமுறையில் உள்ளது. நல்லதுதான், ஆனால் பையனின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்குவது கடைக்காரர் அல்லவே.

பொம்மைக்குச் சோறூட்டுவதும், அது அழுவதாக நினைத்துச் சமாதானப்படுத்துவதும், இன்னோர் உயிரின் பசியையும் தூக்கத்தையும் கவனிக்கும் பயிற்சிகள். தம்பியோ தங்கையோ பிறக்கப்போகும் வீட்டில் அந்தப் பயிற்சி பையனுக்கும் தேவைப்படும். பின்னாளில் அவன் தகப்பனாகும்போதும் தேவைப்படும். அதைச் சிறு வயதிலேயே சிரித்துத் தடுத்துவிட்டு, பிள்ளை வளர்ப்பில் ஆண்கள் கைகொடுப்பதில்லை என்று பிறகு அலுத்துக்கொள்கிறோம்.

பரிசு வாங்கப்போகும் உறவினர் "பையனா, பொண்ணா?" என்று கேட்டால், குழந்தையின் வயதையும் அது இப்போது எதில் மூழ்கிக் கிடக்கிறது என்பதையும்தான் நான் சொல்வது. சிலர் விடாமல் மறுபடியும் அதையே கேட்பார்கள். பலர் நிம்மதியாக அதற்கேற்றதை வாங்கி வருவார்கள்.