கரப்பான் கைக்கு இறங்கும்போது
கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் அழற்சி பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 'சிறுவயதுக் கரப்பான் பெரியவர்களானால் தானே போய்விடும்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முழங்கை மடிப்பில் இருந்தது எனக்கு 12 வயதில் மறைந்தது உண்மைதான். ஆனால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டே கைகளில் வந்துவிட்டது. விரல் நுனிகள் வெடித்து, ரசத்துக்குப் புளி கரைக்கும்போது உயிரே போய்விடும். கரப்பான் உடம்புக்காரர்களின் தோல் ஈரத்தைத் தக்கவைக்காது. அதனால்தான் சோப்பும் தண்ணீரும் பசையும் எங்களைச் சீக்கிரம் தாக்குகின்றன. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ரப்பர் கையுறை போட்டால் போதும் என்கிறார். எனக்கு அதனாலேயே அதிகமானது! சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை (patch test) செய்து, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்த்த பிறகுதான், ரப்பரில் சேர்க்கும் ரசாயனமும் தோல் பதனிடும் குரோமியமும் எனக்கு ஒவ்வாதவை என்று தெரிந்தது. இப்போது பாத்திரம் துலக்கும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே வினைல் கையுறை. கழுவியதும் ஈரத்தை ஒற்றியெடுத்து உடனே வாஸ்லின். வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, சிறுவயதில் கரப்பான் இருந்திருந்தால் பசையும் ஈரமும் இல்லாத பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.