ஆறு மாதம் கழித்தும் கேளுங்கள்

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளின் மன உளைச்சல் முதல் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டவரை ஆராய்ந்த சமூகவியலாளர் லிஸ்கார்ட், 1955இலேயே வேறு மாதிரி எழுதினார்: தொடக்கத்தில் உற்சாகம், ஆறு மாதம் தாண்டிய பிறகுதான் சரிவு. எல்லோருக்கும் அப்படியே நடக்காதுதான். ஆனால் அந்த நேரத்தில் விசாரிக்க யாரும் இருப்பதில்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் கேமராவை அணைத்துவிட்டு ‘நல்லா இருக்கேன்’ என்பார்கள். கடனும் விசாவும் தலைக்கு மேல் இருக்கும்போது வேறென்ன சொல்வார்கள், பாவம்! பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் போனால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயந்தே பலர் போவதில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் தவிர, அங்கே பேசுவது பொதுவாக ரகசியமாகவே இருக்கும். இதை அறிமுக வாரத்தில் மட்டும் சொல்லாமல், இரண்டாம் செமஸ்டரிலும் பல்கலைக்கழகங்கள் நேரில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.