தேருக்குத் திருப்பணி நடக்கிறது, தேரோடும் வீதிக்கு எப்போது?

எங்கள் ஊர்த் தேர் இந்தப் பங்குனியிலும் ஓடாது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் கொதித்துப்போயிருக்கிறார்கள். மரவேலைக்கு இத்தனை வருடமா, கொட்டகையைப் பிரித்துத் தேரை வெளியே இழுங்கள், மீதியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் வருடத்தில் தவறாமல் ஊருக்கு வருவது தேருக்குத்தான். வடம் பிடிக்காமல் ஒரு வருடம் போனாலே வீட்டில் ஒரு நல்ல காரியம் தள்ளிப்போன மாதிரி பெரியவர்கள் வருத்தப்படுவார்கள்.

இருந்தாலும் நான் தள்ளிவைத்தவர்கள் பக்கம் நிற்கிறேன். இன்னும் ஒரு வருடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுப்போன ஒரு பெரிய வேலையையும் சேர்த்து முடித்துவிடுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொட்டகைக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்காக முதலில் தேரின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். தேரின் அடிப்பாகத்தில் குறுக்கும் நெடுக்குமாக இலுப்பை உத்தரங்கள் கிடக்கின்றன. இலுப்பை எண்ணெய்ப்பசை உள்ள மரம், எளிதில் உளுக்காது. அதனால்தான் நம் முன்னோர்கள் தேருக்கு அதைத் தேடிப்பிடித்தார்கள். அந்த மரத்துக்குப் பகையாக வந்தது நாம் பிற்காலத்தில் முறுக்கிய இரும்பு போல்ட்டுகள். ஆசாரி ஒரு போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். துருப்பிடித்து ஊதி, ஏறக்குறைய இரண்டு மடங்கு தடித்திருந்தது. சுற்றியிருந்த மரம் கன்னங்கரேலென்று கறுத்துப்போய்க் கிடந்தது. உளியை வைத்து லேசாக ஒரு தட்டுத்தான் தட்டினார், காபிப்பொடி மாதிரி கொட்டியது. "மேலே சிற்பமெல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி, கீழே தாங்குகிற இடம்தான் போய்விட்டது" என்றார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வார்னிஷ் பூசிய யாளியும் குதிரையும்தான் தெரியும்.

அவர் போல்ட்டுக்குப் பதிலாகக் கழுந்தும் துளையும் வைத்துப் பழைய முறைப்படியே உத்தரங்களை இணைக்கிறார். ஒரு கழுந்தை இழைப்பார், துளையில் நுழைத்துப் பார்ப்பார், எடுத்து மறுபடியும் இழைப்பார். வேலை நடந்த மாதிரியே தெரியாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு "சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லிப்போனவர்கள் அரை நாள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். காய்ந்த இலுப்பை கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. பச்சை மரத்தை வைத்தால் நம் சித்திரை வெயிலில் சுருங்கிவிடும், இணைப்பு தளர்ந்துவிடும். கஜா புயலில் இந்தப் பக்கத்தில் சாய்ந்த மரங்களை நினைத்துப் பாருங்கள். வயதான இலுப்பை இனிமேல் எந்தத் தோப்பிலிருந்து வரும்?

நிற்கிற தேரைப் பார்த்தால் நமக்கு ஏன் இவ்வளவு பயம் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் நின்ற தேர் பல இடங்களில் நின்றேவிட்டது. திருவாரூர் ஆழித்தேரே 1948-க்குப் பிறகு ஓடாமல் கிடந்து, 1970-இல்தான் மறுபடி வீதிக்கு வந்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் புதிய தேர் செய்து 2015-இல் ஓட்டியபோது, நூறு வருடத்துக்குப் பிறகு தேரோட்டம் என்று ஊரே திரண்டது. ஒரு தலைமுறை வடம் பிடிக்காமலே வாழ்ந்து முடித்திருக்கிறது. ஆகவே "பணி நடக்கிறது" என்ற பலகையைக் கண்டதும் "இதுவும் அப்படித்தான் போகுமோ" என்று மனசு அடித்துக்கொள்வது இயல்பு. ஆனால் வேலைக்காக நிறுத்துவது வேறு, நிறுத்திவிட்டு மறப்பது வேறு. கொட்டகைக்குள் உளிச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் பயப்படமாட்டேன்.

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது எங்கோ அமெரிக்காவில் ஓடுகிற ஒரு மர ரோலர் கோஸ்டர். ஒஹையோ மாநிலத்தில் கிங்ஸ் ஐலண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே 1979-இல் திறந்த 'தி பீஸ்ட்' என்ற மர ரோலர் கோஸ்டர் ஏழாயிரம் அடிக்கு மேல் நீளம் உள்ளது. உலகத்திலேயே நீளமான மர ரோலர் கோஸ்டர் அதுதான். அந்த மாநிலத்தில் வேலையில் இருக்கிற என் அக்காள் மகன் அதைப் பற்றி எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினான். 2022 சீசனுக்கு முன்னால் அதன் பாதையில் 2,000 அடிக்கும் மேலே பிரித்தெடுத்துப் புதிதாகப் போட்டார்கள். முதல் இறக்கத்தின் சாய்வைக்கூட 45 டிகிரியிலிருந்து 53 டிகிரிக்கு மாற்றினார்கள்.

அதன் பாதை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு நம் தேர் ஞாபகம் வந்தது. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து, ஓர் அடுக்கின் மூட்டுக்கு நேராக அடுத்த அடுக்கின் மூட்டு வராதபடி மாற்றி மாற்றி அறைகிறார்கள். மேலே சக்கரம் ஓடுகிற இடத்தில் இரும்புப் பட்டை பதிக்கிறார்கள். வண்டி ஓட ஓட மேல் அடுக்குகள் நசுங்குகின்றன, ஆணி தளர்கிறது, பாதையில் பள்ளம் விழுகிறது. பள்ளத்தில் வண்டி குதிக்கிறது. குதித்த வண்டி பள்ளத்தை இன்னும் ஆழமாக்குகிறது. வண்டியும் பாதையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டே போகின்றன. இது தெரிந்ததால் சவாரி உலுக்குகிறது என்ற புகார் வந்ததும் அவர்கள் வண்டியோடு நிறுத்துவதில்லை, பாதையைப் பிரிக்கிறார்கள். குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும்போது தச்சர்கள் பகுதி பகுதியாகப் பலகை மாற்றுகிறார்கள். சவாரி நடக்கிற காலத்தில் காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் ஆட்கள் பாதையில் ஏறி நடந்து பார்க்கிறார்கள்.

பென்சில்வேனியாவில் 1902-இல் கட்டிய 'லீப் தி டிப்ஸ்' என்ற ரோலர் கோஸ்டர், பழுதாகி 1985-இல் நின்றது. பணம் திரட்டிச் சீர்செய்து 1999-இல் மறுபடி ஓட்டினார்கள். இடையில் பதினான்கு வருடம்! கேளிக்கைக்காகக் கட்டிய ஒரு மரச்சாதனத்துக்கே அவ்வளவு பொறுமை காட்டியிருக்கிறார்கள். நாம் சாமியை ஏற்றி வைத்து இழுக்கிறோம்.

விட்டுப்போன வேலை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். தேருக்குப் பாதை எது? நான்கு மாட வீதிகள்தான். அச்சு, சக்கரம், உத்தரம், சிற்பம், கொட்டகை, வடம் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டுச் செய்கிறோம். அந்தத் தேர் ஓடப்போகிற வீதிக்கு மட்டும் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டி, மேலே ஒரு கை தார் பூசிவிடுகிறோம்.

எங்கள் தேரை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் சுமார் 12 அடி. அலங்காரம் முடிந்தால் உயரம் 60 அடி வரும், அதாவது அகலத்தைப்போல் ஐந்து மடங்கு. ஒரு பக்கச் சக்கரம் ஓர் அங்குலம் இறங்கினால் கலசம் ஐந்து அங்குலம் சாயும். நான்கு அங்குலப் பள்ளத்தில் இறங்கினால் மேலே இருபது அங்குலம், ஒன்றே முக்கால் அடிக்கு நெருக்கமாகச் சாயும். ஆழித்தேரின் எடையைச் சுமார் 300 டன் என்கிறார்கள், அலங்கரித்த உயரம் 96 அடி. நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பங்கிட்டால்கூட ஒரு சக்கரத்தின் கீழ் 75 டன். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டால் இந்தப் பங்கீடு கலைந்துபோகும், சாய்ந்த பக்கத்தின் அச்சும் உத்தரமும் கூடுதல் சுமையை வாங்கிக்கொள்ளும். கொட்டகைக்குள் ஆசாரி மாதக்கணக்கில் இழைத்துச் சேர்த்த கழுந்து ஒரே நாளில் தளர்வது இப்படித்தான்.

எங்கள் கீழ வீதி முனையை உள்ளூர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தேர் தெற்கு வீதிக்குத் திரும்புகிற அதே இடத்தில் வடிகால் குறுக்கே போகிறது. அதன்மேல் கிடக்கிற சிமெண்ட் பலகை கடைசியாகத் தேர் ஓடியபோதே விரிந்துவிட்டது. விரிசலில் கம்பி வெளியே தெரிகிறது. அதன்மேல் தார் ஊற்றி மூடியிருக்கிறார்கள், அந்தத் தாரும் இப்போது உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. அந்த வழியே பஸ் போனாலே சத்தம் கேட்கிறது. முன் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அங்கேதான் திணறினார்கள். முட்டுக்கட்டைக்காரருக்குத் தரை சமமாக இருந்தால்தான் கட்டை பிடிக்கும். சரிவில் வைத்த கட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும், அதற்கு நேராக அவருடைய காலிருக்கும். இழுக்கிற நமக்கெல்லாம் வடம் மட்டும்தான் கையில். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தோடு குனிந்தே நடக்கிற அந்த நாலு பேர்தான். அவர்களுக்காகவாவது அந்த முனையை ஒழுங்காகக் கட்ட வேண்டும்.

நம் மண்ணும் லேசுப்பட்ட மண் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் நீர் குடித்து உப்பும், சம்பா அறுவடை முடிந்து பங்குனி பிறக்கும்போது பாளம் பாளமாக வெடிக்கும். அந்தக் களிமண்மேல் மேலாகப் போடுகிற தார் எத்தனை மழைக்குத் தாங்கும்? போதாததற்குக் குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, சாக்கடைக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை என்று வீதியைத் தோண்டுகிறார்கள். தோண்டிய பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள், அடுக்கடுக்காகக் கெட்டித்து மூடுவதில்லை. மேலே பார்த்தால் வீதி, உள்ளே பொல்லென்று கிடக்கிறது.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கேடு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமலேயே அதன்மேல் புதுத் தார் போட்டுப் போட்டு, வீதியின் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. மின்கம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது, வீதி மட்டும் கம்பியை நோக்கி ஏறுகிறது. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அப்பர் சதய விழாவில் உயர் அழுத்த மின்கம்பியில் தேர் பட்டுப் பதினொரு பேர் போனார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. புதிதாகப் போட்ட சாலையால் மட்டம் உயர்ந்திருந்தது என்ற பேச்சு அப்போது எழுந்தது. அதற்குப் பிறகுமா தேரோடும் வீதியில் மட்டம் பார்க்காமல் தார் போடுவது? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்தக் காலத்தில் மண் வீதியிலேயே ஓடவில்லையா என்று கேட்கிறார்கள். ஓடியது. அந்த வீதியைக் கீழே யாரும் குடைந்து வைக்கவில்லை. தேருக்கு முன்னால் மணல் அடித்து, தண்ணீர் தெளித்து, கெட்டித்து, மட்டம் பார்த்தார்கள். இப்போதுதான் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறதே என்கிறார்கள் வேறு சிலர். திருச்சி பெல் நிறுவனம் ஆழித்தேருக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு அருமையான ஏற்பாடு, அதைக் குறைத்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் பிரேக் தேரை நிறுத்தும், சாய்வதைத் தடுக்காது. திருவாரூரிலேயே முனை திரும்பும்போது சக்கரத்தின் கீழே இரும்புத் தகடு போட்டு, மசகு தடவி, நிதானமாகத்தான் திருப்புகிறார்கள். அவ்வளவு பெரிய தேரை ஓட்டத் தெரிந்தவர்கள் தரைக்கு அவ்வளவு கவனம் கொடுக்கிறார்கள்.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. கோயில் நிதியில் வீதி போட முடியாது, வீதி நிதியில் கோயில் வேலை வராது, இரண்டும் வேறு வேறு அலுவலகம். கேட்கப் போனால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுகிறார்கள். அதனால்தான் தேர் நின்றிருக்கிற இந்தக் காலம் முக்கியம் என்கிறேன். தேர் ஓடத் தொடங்கிவிட்டால் திருவிழாவுக்குத் திருவிழா அவசரத் தார்தான் விழும். மரவேலை நடக்கிற இந்த நாட்களிலேயே நான்கு வீதியையும் தோண்டிப் பார்த்துவிடலாம். குழாய்களை ஓரத்துக்கு மாற்றலாம், கீழ வீதி முனை வடிகாலுக்குத் தேரின் எடையைக் கணக்கிட்டுப் புதுப் பாலம் கட்டலாம், கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகலாம். வெளியூர்ப் பிள்ளைகள் கலசத்துக்கும் பித்தளைக் கவசத்துக்கும் ஆசையோடு நன்கொடை தருகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த முறை வீதிக்கு மண் பரிசோதனை செய்வதற்கும், அந்தப் பாலத்துக்கு ஒரு பொறியாளரை வைத்து வரைபடம் போடுவதற்கும் கொடுங்கள். கல்வெட்டில் பெயர் வராது, இருந்தாலும் கொடுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று மாதாமாதம் கொட்டகை வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டட்டும். எந்த உத்தரம் மாற்றியாயிற்று, எந்த மரம் வர வேண்டும், எந்த வீதியில் என்ன வேலை பாக்கி என்று ஊருக்குத் தெரிந்தால் யாரும் இவ்வளவு சந்தேகப்படமாட்டார்கள். தள்ளிவைப்பதைவிட ஒன்றும் சொல்லாமல் தள்ளிவைப்பதுதான் ஜனங்களை எரிச்சலூட்டுகிறது.

வரும் கூட்டத்தில் இந்த மூன்றையும் எழுத்தில் கொடுக்கப்போகிறேன்: கீழ வீதி முனைப் பாலம், நான்கு வீதியின் மட்டத்தையும் கம்பியின் உயரத்தையும் அளந்து பதிவு செய்வது, மாதாந்திர அறிவிப்பு. தேர் ஓடவில்லையே என்று வருந்துகிறவர்கள் யாராக இருந்தாலும் அந்த மனுவில் கையெழுத்துப் போட வாருங்கள். சீக்கிரம் ஓட்டுங்கள் என்று கேட்பவர்களும் வரலாம். பாலம் கட்டி முடிந்து வெள்ளோட்டம் விடுகிற அன்றைக்கு முதல் ஆளாக நானும் வடத்தைப் பிடிப்பேன்.